காவலுக்கு நிற்பவர் கணக்குப் பார்த்தால்...

செமஸ்டர் நேரம். ராத்திரி ஒரு மணி. ஹாஸ்டல் ரூமில் உங்க நண்பர் சொல்றார்: "டேய், கவலைப்படாதே. நாளைக்கு ஹால்ல உனக்கு முன் சீட்டு எனக்குத்தான். கொஞ்சம் சாய்ஞ்சு உட்கார்றேன். பார்த்துக்கலாம்." அந்த ஒரு வார்த்தையை நம்பி, நாலாவது யூனிட்டை மூடி வெச்சுட்டுத் தூங்கப் போறீங்க.

காலையில் ஹாலுக்குப் போனா, சீட்டிங்கை மாத்திட்டாங்க! நண்பர் மூணு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கார். உங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குறார். பாவம், அவர் என்ன பண்ணுவார்? ராத்திரி சொன்னப்போ மனசாரத்தான் சொன்னார். ஆனா அரியர் விழப்போறது அவருக்கில்லை, உங்களுக்கு.

(காப்பி அடிக்கிறது தப்புங்கிறது வேற சப்ஜெக்ட். அதை இன்னொரு வாரம் திட்டிக்கலாம்.)

இதையே நாடுகள் செய்தால் அதுக்குப் பேர் பாதுகாப்பு ஒப்பந்தம். சீட்டிங் மாறுவதுக்குப் பேர் மறுபரிசீலனை.

‘வெளிநாடுகளில் உள்ள படைகள் குறித்து மறுபரிசீலனை’ன்னு பேப்பரில் அடிக்கடி ஒரு செய்தி வரும். நாம அதைத் தாண்டி ஸ்போர்ட்ஸ் பக்கத்துக்குப் போயிடுவோம். கோட்டு சூட்டு போட்ட நாலு பேர் ஃபைல் புரட்டுற சமாசாரம், நமக்கென்னன்னு ஒரு நினைப்பு. இல்லீங்க. லண்டனில் சிலர் உட்கார்ந்து கூட்டல் கழித்தல் போட, பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி சிங்கப்பூரில் உங்க வயசுப் பசங்க யூனிஃபார்ம் மாட்டிய கதை ஒன்று இருக்கிறது. அதைத் தெரிஞ்சுக்கிட்டா, அடுத்த தடவை அந்த மாதிரிச் செய்தியைப் படிக்காமல் தாண்ட மாட்டீங்க.

42 நாள், 180 நாள் ஆன கதை

1938-ல் சிங்கப்பூரின் வடக்குக் கரையில், செம்பவாங்கில், பிரிட்டனின் கடற்படைத் தளம் திறக்கப்பட்டது. செலவு சுமார் 6 கோடி பவுண்டு. அந்தக் காலத்து 6 கோடி! ஆனால் ஒரு வேடிக்கை. தளம் இருந்தது. அதில் நிரந்தரமாக நிற்கப் பெரிய போர்க்கப்பல்கள் இல்லை. திட்டம் என்னன்னா, ஜப்பான் வாலாட்டினால் இங்கிலாந்திலிருந்து கப்பல் படை கிளம்பி வரும். அதுவரைக்கும் சிங்கப்பூர் தாக்குப்பிடிக்கணும்.

எத்தனை நாள்? முதலில் போட்ட கணக்கு 42 நாள். ஐரோப்பாவில் ஹிட்லர் தலைதூக்கியதும் அது 70 ஆனது. பிறகு 90. உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் 180 நாள்!

கவனிச்சீங்களா? ‘வர மாட்டோம்’னு ஒருத்தரும் சொல்லவில்லை. நாள் மட்டும் நீண்டுகொண்டே போனது. ‘மச்சான், வந்துக்கிட்டே இருக்கேன்’னு போனில் சொல்லிக்கிட்டு வீட்டிலேயே இருக்கிற நண்பர் உங்களுக்கும் இருப்பாரே, அதே மாதிரி.

கடைசியில் 1941 டிசம்பரில் பெரிய கப்பல் என்று வந்தது இரண்டே இரண்டு. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ். டிசம்பர் 10-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் கடலுக்குள் அனுப்பின. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. சிறைப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் இந்தியச் சிப்பாய்கள். அதற்குப் பிறகு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம் - பர்மா ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டவர்களில் பல்லாயிரம் பேர் தமிழர்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம்.

லண்டன் மேஜையில் 42, 180 ஆனதற்கு விலை கொடுத்தவர்கள் லண்டன்காரர்கள் மட்டுமில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிய காலம்

நியாயமாப் பேசணும்னா, பிரிட்டன் எப்பவுமே கைவிட்டது என்று சொல்ல முடியாது. 1957-ல் மலாயா சுதந்திரம் அடைந்தபோது ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார்கள். 1963-ல் மலேசியா உருவானதும் இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ ‘இதை ஒத்துக்க மாட்டேன்’ என்று மோதலில் இறங்கினார். போர்னியோ காடுகளில் மூன்று வருடம் சண்டை. அப்போது பிரிட்டன் நிஜமாகவே வந்தது. தூரக்கிழக்கில் அதன் படைபலம் 50 ஆயிரத்தைத் தாண்டியது. கூர்க்கா வீரர்கள், ஆஸ்திரேலியர்கள், நியூசிலாந்துக்காரர்கள் என எல்லாரும் வந்தார்கள். 1966-ல் மோதல் முடிந்தது.

ஆனால் இதற்கெல்லாம் பில் வருமில்லையா? அந்த பில்லைக் கட்டவேண்டிய பிரிட்டன், அந்த நேரத்தில் வட்டிக்கு வாங்கி வாழும் குடும்பம் மாதிரி இருந்தது. ஏற்றுமதியைவிட இறக்குமதி அதிகம். பவுண்டின் மதிப்பு ஆட்டம் காண்கிறது. 1965-ல் பிரதமர் ஹெரால்ட் வில்சன், பிரிட்டனின் எல்லை இமயமலையில் இருக்கிறது என்ற ரேஞ்சுக்குப் பேசினார். பேச்சு இமயமலை, பர்ஸ் காலி!

இதே 1965 ஆகஸ்ட் 9-ல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. கையில் இருந்தது இரண்டே காலாட்படை பட்டாலியன். பிரதமர் லீ குவான் யூ ராணுவப் பயிற்சிக்கு உதவி கேட்டு எகிப்தின் நாசருக்கும், நம்ம பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கும் கடிதம் எழுதினார். டெல்லியிலிருந்து அன்பான வாழ்த்து வந்தது. பயிற்சியாளர் வரவில்லை. கடைசியில் வந்தவர்கள் இஸ்ரேலியர்கள். சுற்றிலும் முஸ்லிம் நாடுகள், வெளியே தெரிந்தால் வம்பு என்று அவர்களுக்கு வைத்த பேர்: ‘மெக்சிகோக்காரர்கள்’!

இரண்டு வருஷம், மூணு தேதி

இப்போ மெயின் பிக்சர். பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி மறுபரிசீலனையை ஆரம்பித்தார். பாதுகாப்புச் செலவு வருடத்துக்கு 200 கோடி பவுண்டைத் தாண்டக் கூடாது என்று கோடு போட்டார்கள்.

முதல் முடிவு, 1966 பிப்ரவரி: ஏடனை விட்டு 1968-க்குள் கிளம்புவோம், புது விமானந்தாங்கிக் கப்பல் கட்ட மாட்டோம். கடற்படைக்கான அமைச்சரும் கடற்படைத் தலைவரும் ராஜினாமாவே செய்துவிட்டார்கள். ஆனால் சிங்கப்பூரில் இருப்போம்.

இரண்டாவது, 1967 ஜூலை: சிங்கப்பூர், மலேசியாவில் படையைப் பாதியாகக் குறைப்போம். 1970-களின் நடுவில் மொத்தமாகக் கிளம்புவோம்.

நவம்பர் 18-ல் பவுண்டின் மதிப்பைக் குறைத்தார்கள். 2.80 டாலராக இருந்த பவுண்டு 2.40 ஆனது. சேமிப்பைப் பவுண்டில் வைத்திருந்த சிங்கப்பூருக்கும் அதில் அடி.

மூன்றாவது, 1968 ஜனவரி: 1971 மார்ச்சிலேயே கிளம்புகிறோம் என்று கேபினட் முடிவெடுத்தது.

‘இருப்போம்’, ‘எழுபதுகளின் நடுவில்’, ‘மூணே வருஷம்’. இரண்டே வருடத்தில் மூன்று பதில்! வளைகுடாவில் இன்னும் மோசம். 1967 நவம்பரில் கொரோன்வி ராபர்ட்ஸ் என்ற அமைச்சர் அங்கே போய், ‘நாங்க எங்கேயும் போகலை’ என்று ஷேக்குகளுக்கு உறுதி சொன்னார். 1968 ஜனவரியில் அதே மனிதரையே மறுபடி அனுப்பினார்கள். இந்தத் தடவை, ‘நாங்க கிளம்புறோம்’ என்று சொல்ல. அந்த மனிதரின் முகம் எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. செலவை நாங்களே தர்றோம்னுகூட அங்கே சொல்லிப் பார்த்தார்கள். லண்டன் ஒப்புக்கொள்ளவில்லை.

லீ குவான் யூ அவசரமாக லண்டனுக்குப் பறந்தார். அமைச்சர்கள், எதிர்க்கட்சி, டி.வி. என்று ஒரு இடம் விடாமல் பேசினார். கெஞ்சல் பாதி, மிரட்டல் பாதி. கிடைத்தது என்ன தெரியுமா? ஒன்பது மாதம். மார்ச், டிசம்பர் ஆனது. 1968 ஜனவரி 16-ல் வில்சன் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்: 1971 முடிவுக்குள் வெளியேறுகிறோம்.

லண்டன்காரர் பக்கமும் கொஞ்சம்

இங்கே நிறுத்தி, பிரிட்டனை வில்லன் ஆக்கிடாதீங்க. அதே ஜனவரியில் அந்த அரசு தன் மக்களிடமிருந்து எதையெல்லாம் வெட்டியது என்று பாருங்க. 1965-ல் ரத்து செய்த மருந்துச் சீட்டுக் கட்டணம் திரும்ப வந்தது. உயர்நிலைப் பள்ளியில் இலவசப் பால் நிறுத்தப்பட்டது. பள்ளியில் கட்டாயம் படிக்கவேண்டிய வயதை 15-லிருந்து 16 ஆக உயர்த்தும் திட்டம் 1971-லிருந்து 1973-க்குத் தள்ளிப்போனது. அதை எதிர்த்து லாங்ஃபோர்ட் பிரபு அமைச்சர் பதவியையே விட்டார்.

அங்கேயும் ஒரு மாணவர் இருக்கிறார் இல்லையா? ஏழை வீட்டுப் பையன். அவனோட கடைசி வருஷப் படிப்பை வெட்டிவிட்டு, சிங்கப்பூரில் படையைத் தொடர்ந்து வைத்திருங்கள் என்று அவன் அப்பாவிடம் யார் போய்ச் சொல்வது? பாலையும் பள்ளியையும் தொட்ட பிறகு, படையைத் தொடாமல் இருக்க எந்த அரசாலும் முடியாது. ஒரு நாடு தன் சக்திக்கு மீறிய வாக்குறுதிகளை எடுத்து வைத்துக் கணக்குப் பார்ப்பது தப்பே இல்லை. பார்க்காமல் இருந்ததுதான் 1942.

என்னைக் கேட்டா, முடிவு சரி. சொன்ன விதம் தப்பு. காசு இல்லைங்கிறது 1964-லேயே தெரியும். அப்பவே ‘பத்து வருஷத்தில் கிளம்புவோம், தயாராகிக்கோங்க’ன்னு நேரா சொல்லியிருக்கலாம். ‘இருக்கோம், இருக்கோம்’னு சொல்லிட்டு ஒரு ராத்திரியில் சீட்டிங்கை மாத்தினதுதான் வலி. வளைகுடாவில் அந்த அவசரத்தின் விளைவு என்ன? ஐக்கிய அரபு எமிரேட்ஸ் பிறந்தது 1971 டிசம்பர் 2-ல். அதற்கு இரண்டு நாள் முன்பு ஈரான் படை தும்ப் தீவுகளில் இறங்கிவிட்டது. அந்தத் தகராறு இன்றுவரை தீரவில்லை.

நாலாவது யூனிட்டைத் திறந்தவர்கள்

சிங்கப்பூர் என்ன செய்தது? புலம்பியது. ஆனால் புலம்பிக்கொண்டே படித்தது!

லண்டனின் மூன்றாவது பதில் வரும்வரை காத்திருக்கவில்லை. 1967 மார்ச்சிலேயே கட்டாய ராணுவ சேவைச் சட்டம் நிறைவேறியது. ஆகஸ்டில் முதல் பேட்ச் பசங்க, 18 வயசு, முகாமுக்குள் போனார்கள். உங்களில் ஃபர்ஸ்ட் இயர் படிக்கிறவங்களை ஒரு நிமிஷம் அந்த இடத்தில் வெச்சுப் பாருங்க. அட்மிஷன் கார்டுக்குப் பதில் ராணுவ அழைப்பு!

அதைவிடப் பெரிய தலைவலி வேலை. பிரிட்டிஷ் தளங்களால் கிடைத்த வருமானம் சிங்கப்பூர் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கப்பல் பட்டறை ஃபிட்டர், ஸ்டோர் கீப்பர், கிளார்க், சமையல்காரர் என்று பல்லாயிரம் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. செம்பவாங் தளத்தில் மலையாளிகளும் தமிழர்களும் நிறைய. தளம் மூடினால் அந்தத் தெருவே மூடும் என்ற நிலை.

அரசு அந்தக் கடற்படைப் பட்டறையை ஒரு டாலர் அடையாள விலைக்கு வாங்கி, 1968-லேயே செம்பவாங் ஷிப்யார்டு என்ற வணிகக் கப்பல் பட்டறையாக மாற்றியது. போர்க்கப்பலுக்கு வெல்டிங் செய்த கை எண்ணெய்க் கப்பலுக்கும் செய்யும் இல்லையா! சாங்கியில் இருந்த விமானப்படைத் தளத்தின் இடத்தில்தான் 1981-ல் சாங்கி விமான நிலையம் வந்தது. ட்ரான்சிட்டில் இறங்கி நம்மாளுங்க போட்டோ எடுத்துக்குறாங்களே, அதே சாங்கிதான்.

எல்லாம் இனிப்பு இல்லை. 1968-ல் வந்த வேலைவாய்ப்புச் சட்டம் தொழிலாளர்களின் விடுமுறைகளையும் சலுகைகளையும் குறைத்தது. கணக்குப் பார்த்தது லண்டன் அமைச்சர்கள். அதில் ஒரு பங்கைக் கட்டியது சிங்கப்பூர் தொழிலாளி. வெற்றிக் கதை சொல்லும்போது அவரை விட்டுடக் கூடாது.

‘வருவோம்’ வேற, ‘பேசுவோம்’ வேற

1971 நவம்பர் 1-ல் பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் புதுசு ஒன்று வந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் சேர்ந்த ‘ஐந்து நாடுகளின் பாதுகாப்பு ஏற்பாடு’. பேரைப் பாருங்க. ஒப்பந்தம்னுகூட இல்லை, ஏற்பாடு! உள்ளே என்ன இருக்கிறது? மலேசியாவையோ சிங்கப்பூரையோ யாராவது தாக்கினால், ஐந்து பேரும் உடனே கலந்து பேசி என்ன செய்வதென்று முடிவெடுப்பார்கள். அவ்வளவுதான். படை வரும் என்று எழுதவில்லை.

இதே 1971 ஆகஸ்ட் 9-ல் நாம சோவியத் யூனியனோடு போட்ட நட்புறவு ஒப்பந்தத்திலும், தாக்குதல் வந்தால் கலந்து பேசி நடவடிக்கை எடுப்போம் என்றுதான் இருந்தது. ‘ஒருத்தரை அடிச்சா எல்லாரையும் அடிச்ச மாதிரி’ என்று சொல்லும் நேட்டோவின் ஐந்தாவது பிரிவில்கூட, ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவை என்று தோன்றும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் எழுதியிருக்கிறது. உலகத்தின் மிக கெட்டியான கூட்டணியிலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது!

அப்போ இந்த ஒப்பந்தங்களுக்கெல்லாம் அர்த்தமே இல்லையா? இருக்கு. கலந்து பேசணும்னா அடிக்கடி சந்திக்கணும், சேர்ந்து பயிற்சி செய்யணும். அதைப் பார்க்கிற எதிரி, தாக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிப்பான். ஐந்து நாடுகளின் ஏற்பாடு 50 வருடம் தாண்டி இன்றும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டிஷ் படைகளில் பெரும்பகுதி 1971-லும் மிச்சம் மீதி 1970-களின் நடுவிலும் கிளம்பிவிட்டது. ஆனால் பிரிட்டன் 2018-ல் பஹ்ரைனில் மறுபடி ஒரு தளம் திறந்தது. 2025 ஜூனில் வெளியான அதன் புதிய பாதுகாப்பு மறுபரிசீலனை ‘முதலில் நேட்டோ’ என்றது. அதே மாதம் அதன் விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று சிங்கப்பூர் வந்து நின்றது. கப்பலின் பேர் என்ன தெரியுமா? பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்! 1941-ல் மூழ்கிய அதே பேர்.

ஆனா ஒரு வித்தியாசம். 1941-ல் அந்தக் கப்பலைத்தான் சிங்கப்பூர் நம்பியிருந்தது. 2025-ல் வந்தது விருந்தாளி. வந்தால் சந்தோஷம், வராவிட்டால் குடி முழுகாது.

அடுத்த தடவை பேப்பரில் இந்த மாதிரிச் செய்தி வந்தால், மூணே கேள்வி கேளுங்க. ஒன்று, அந்த ஒப்பந்தத்தில் இருக்கிற வினைச்சொல் எது, ‘வருவோம்’மா, ‘பேசுவோம்’மா? இரண்டு, பில் யாருக்குப் போகிறது, அவர் வீட்டில் பாலும் பள்ளியும் எந்த நிலைமையில் இருக்கு? மூன்று, தேதி நகர்கிறதா? 42, 70 ஆனாலே உஷாராகிடணும். 180 வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

நண்பர் வேண்டாம்னு சொல்லலீங்க. நண்பர் கண்டிப்பா வேணும். அவர் முன் சீட்டில் உட்கார்ந்தால் தெம்புதான். ஆனா அவர் சீட்டை மாத்துற அதிகாரம் அவர்கிட்டகூட இல்லை.

மணி இன்னும் ஒண்ணுதானே ஆகுது? அந்த நாலாவது யூனிட்டை எடுங்க.